ஆறு கிலோமீட்டர் மின்பாதை

1. சேர்ந்த நாள்

வங்கியில் பதினான்கு வருடம் கடன் பிரிவில் இருந்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் ஒரு சோலார் கம்பெனியில் சேர்ந்தேன். பதவியின் பெயர் புராஜெக்ட் ஃபைனான்ஸ் மேனேஜர். எந்த இடத்தில் பிளான்ட் போட்டால் போட்ட முதல் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. அனுப்பிய இடம் நாமக்கல் மாவட்டம். அதுவரை நான் பார்த்த நாமக்கல் என்பது சேலத்துக்கும் கரூருக்கும் நடுவில் பஸ் நிற்கும் ஊர், அவ்வளவுதான். பிறந்து வளர்ந்தது எல்லாம் சென்னை வில்லிவாக்கம்.

எனக்குக் கிடைத்த முதல் பிளான்ட் ராசிபுரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். எழுபது ஏக்கர் மேட்டு நிலம். மானாவாரியாக ஆமணக்கும் சோளமும் போட்ட காடு. தூரத்தில் கொல்லிமலை. நான் போய் இறங்கியது மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. அந்த வெயிலைப் பார்த்ததும் என் மனதில் ஓடியது யூனிட் கணக்கு. மற்றவர்கள் நிழலைத் தேடும்போது இவ்வளவு வெயிலும் வருமானம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வருடம் அந்தப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தால் முட்டை விலைக்கு அடுத்த பேச்சு சோலார்தான். ஏக்கருக்கு என்ன குத்தகை, எந்தக் கம்பெனி எத்தனை வருடத்துக்குக் கேட்கிறது, எந்த சப்ஸ்டேஷனில் இடம் இருக்கிறது என்று போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டியவர்கள்கூட விரல் நுனியில் வைத்திருந்தார்கள். லாரி புரோக்கர்கள் பாதிப் பேர் நில புரோக்கர் ஆகியிருந்தார்கள். திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கத்து நூல் மில்காரர்கள் கரண்ட் பில்லைக் குறைக்க யார் சோலார் கரண்ட் தருவார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிளான்ட்டின் கரண்ட்டையும் மூன்று மில்கள் வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்தன.

எங்கள் சைட் ஆபீஸில் தங்கவேல் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். நிலம், அரசாங்க ஆபீஸ், ஊர்க்காரர்கள் விவகாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் லையசன் ஆபீசர். முதல் நாளே என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், இதுல பேனல் இருக்குது, இன்வர்ட்டர் இருக்குது, வட்டி இருக்குது. லைனு எங்கீங்க?"

பிளான்ட்டிலிருந்து சப்ஸ்டேஷன் வரை ஆறு கிலோமீட்டர் ஹை டென்ஷன் லைன் போக வேண்டும். உயரமான இரும்பு டவர்கள், மேலே கம்பி. அதை நான் ஒரே வரியில் போட்டிருந்தேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஆறு கிலோமீட்டருக்கு இவ்வளவு.

"இருக்கே, இதோ" என்று காட்டினேன்.

தங்கவேல் அந்த வரியைப் படித்தார். "ஒரே வரிதானுங்களா?" என்றார்.

2. பதினொரு கையெழுத்து

அந்த ஒரு வரிக்குள் பத்தொன்பது பேருடைய நிலம் இருந்தது.

டவர் நிற்கும் இடத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்பை வைத்து ஒரு தொகை, கம்பி மேலே போகும் நிலத்துக்கு அதைவிட ரொம்பக் குறைவாக ஒரு தொகை. ஒரே தடவைதான். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் டைரக்டர் ரகு சார் சென்னையிலிருந்து போனில் சொன்னார்.

"வித்யா, நீ பேங்க்ல இருந்தவ. கடன்காரங்கிட்ட பேசிப் பழக்கம். தங்கவேல்கூட நீயும் போ. லேடி ஒருத்தர் கணக்கோட வந்து பேசினா நம்புவாங்க. ரெண்டே மாசம்தான் டைம்."

நம்பினார்கள். அதுதான் விஷயம். பிளான்ட் பக்கமிருந்து முதல் நாலரை கிலோமீட்டரில் பதினொரு பேர். எல்லாம் மேட்டுக்காடு. மரவள்ளியும் ஆமணக்கும் போடுபவர்கள். வாசலில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, நான் சொல்வதைக் கேட்டார்கள். "நிலம் உங்களுதுதான், கீழே உழவு ஓட்டலாம், விதைக்கலாம், உங்களுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது" என்று பதினொரு வீட்டிலும் சொன்னேன். எனக்குக் கொடுத்திருந்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. ஆறு வாரத்தில் பதினொரு கையெழுத்து வந்துவிட்டது. ரகு சார் எல்லோருக்கும் காப்பி போட்டு எனக்கு ஒரு பாராட்டு மெயில் அனுப்பினார்.

மீதி ஒன்றரை கிலோமீட்டர் சப்ஸ்டேஷனை ஒட்டிய பகுதி. நெடுஞ்சாலைப் பக்கம், கிணற்றுப் பாசனம், தென்னந்தோப்பு, கோழிப்பண்ணைகள். எட்டு பேர். அவர்களில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை.

3. நல்லம்மாவின் மூன்றாவது செட்டு

அந்த எட்டுப் பேருக்கும் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் எல்லோரும் நல்லம்மா என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு முட்டைக்கோழிப் பண்ணையைத் தனியாக நடத்திவந்தவர். இரண்டு நீளமான செட்டு, அதாவது கோழிக் கொட்டகை, பக்கத்தில் தீவனம் அரைக்கும் மில். மூன்றாவது செட்டுக்கு இடத்தைச் சமப்படுத்தி, அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். எங்கள் வரைபடத்தில் லைன் அந்தக் கயிற்றுக்கு மேல் குறுக்காகப் போனது.

நான் போன அன்று அவர் தீவன மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கம்பிக்கு அடியில செட்டுக் கட்டலாமுங்களா அம்மிணி?"

"கட்டிடம் கட்ட அனுமதி இல்லைங்க. ஆனா பயிர் வைக்கலாம்."

"நான் பயிரு வெக்கறவளா? கோழி வெக்கறவ. தென்னை?"

"உயரமா வளர்ற மரம் கூடாதுங்க. இருக்கிற மரத்துக்கு நஷ்ட ஈடு கொடுப்போம்."

"அப்ப செட்டும் ஆகாது, மரமும் ஆகாது. வேற என்ன வெக்கறது, கொத்தமல்லியா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். "சாமி, உங்க மேல எனக்குக் கோவமில்ல. கரண்டு வேணும். எனக்கும் வேணும். என்ற செட்டு மேலயே சோலாரு போடோணும்னு இருக்கறேன். ஆனா இந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

தொகையைக் கூட்டித் தரலாமா என்று ரகு சாரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கூட்டினா பத்தொம்பது பேருக்கும் கூட்டணும். குமரேசனை வெச்சுப் பேசு" என்றார்.

4. இரண்டு பக்கக் கணக்கு

குமரேசன் ஒன்றியக் கவுன்சிலர். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பக்கத்தில் அவர் இல்லாமல் ஒரு ஜல்லி லாரிகூட உள்ளே வராது. எங்கள் பிளான்ட்டில் மண் சமப்படுத்தும் காண்ட்ராக்ட் அவருடைய மச்சான் பெயரில் இருந்தது. வெள்ளைக் காரில் வந்து இறங்கி, எங்கள் ஆபீஸில் டீ குடித்துவிட்டு, "எட்டு கையெழுத்துதானுங்களே மேடம்? பத்து நாள் குடுங்க. நம்ம சனந்தான்" என்றார்.

பத்தாவது நாள் தங்கவேல் போனில் ஒரு வீடியோ காட்டினார். நெடுஞ்சாலை ஓரம் ஒரு பந்தல். எட்டு குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக் பிடித்துக்கொண்டிருந்தது குமரேசன். "என்ற உசுரு இருக்கற வரைக்கும் இந்த மண்ணுல ஒரு டவர் நிக்க உடமாட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் ஆபீஸுக்கு வந்தபோது நேராகவே கேட்டேன். துளியும் கூச்சப்படவில்லை.

"மேடம், நீங்க டெபிட்டு, கிரெடிட்டுன்னு ரெண்டு பக்கமும் எழுதறீங்க. ஒரு பக்கம் மட்டும் எழுதுனா கணக்கு டேலி ஆவுமுங்களா? எலக்சன்ல ஓட்டுப் போடறது அவிங்க. காண்ட்ராக்ட் குடுக்கறது நீங்க. எனக்கு ரெண்டும் வேணுமுங்க."

கோபப்பட வேண்டிய இடம். எனக்கு வந்ததோ ஒரு மாதிரி வியப்பு. இரண்டு மாதமாக என்னிடம் பேசியவர்களில் அவ்வளவு தெளிவாகத் தன் கணக்கைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

இதற்குள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. சப்ஸ்டேஷனில் இணைக்க எங்களுக்குக் கிடைத்திருந்த அனுமதிக்குக் கெடு இருந்தது. தேதி தவறினால் மில்களுக்கு அபராதம் கட்ட வேண்டும். பேனல் ஏற்றிய கண்டெய்னர்கள் வந்து இறங்கிவிட்டன. கடன் கொடுத்த வங்கியிலிருந்து வாரம் ஒரு போன். தாசில்தார் இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்.

5. தாலுகா ஆபீஸில் ஒரு கேள்வி

மீட்டிங் ஹாலில் ஒரு பக்கம் ரகு சார், நான், தங்கவேல். எதிரில் எட்டு குடும்பம். நடுவில் தாசில்தார். குமரேசன் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ரகு சார் நன்றாகப் பேசினார். நாட்டுக்கு மின்சாரம், சுத்தமான மின்சாரம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை. கடைசியில், "நிலத்தோட மதிப்புக்கு எந்தக் குறைவும் வராது. சந்தேகம் இருந்தா எங்க மேடத்தையே கேளுங்க. பதினாலு வருஷம் பேங்க்ல நிலத்துக்கு மதிப்புப் போட்டுக் கடன் கொடுத்தவங்க" என்று என் பக்கம் கை காட்டினார்.

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நல்லம்மா எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மிணி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ற காட்டுப் பத்தரத்தை எடுத்துக்கிட்டு செட்டுக் கட்ட லோனு வேணும்னு உங்க பேங்குக்கு வாரேன். நடுக்காட்டுல டவர் நிக்குது. மேல கம்பி போவுது. டவர் இல்லாத காட்டுக்கு எவ்வளவு குடுப்பீங்களோ, அதே அளவு எனக்கும் குடுப்பீங்களா?"



எனக்குத் திண்டிவனம் கிளையில் வந்த ஒரு ஃபைல் ஞாபகம் வந்தது. நான்கு ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்து அரிசி ஆலைக்குக் கடன் கேட்டவர். மதிப்பீட்டாளர் அறிக்கையில் 'நிலத்தின் குறுக்கே உயர் அழுத்த மின்பாதை செல்கிறது' என்று ஒரு வரி. நான் மதிப்பைப் பாதியாகக் குறைத்தேன். மேனேஜர் கடனே வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அந்த ஆள் என் மேஜைக்கு எதிரில் நின்று, "டவர் நான் வைக்கலையேம்மா" என்றார். நான் விதியைக் காட்டினேன்.

ரகு சார் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். 'அது ஒவ்வொரு வங்கியையும் பொறுத்தது' என்று மழுப்பியும் இருக்கலாம். வாய் வரை வந்தது. அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொடுக்க மாட்டேங்க" என்றேன். "நான் அந்த மேஜையில இருந்தப்ப, லைன் போற நிலத்துக்கு மதிப்பைக் குறைச்சுத்தான் போட்டேன். சில சமயம் கடனே கொடுக்கலை."

நல்லம்மா, "அவ்வளவுதானுங்க நான் கேட்டது" என்று சொல்லி உட்கார்ந்தார். தாசில்தார் பேனாவை மூடினார். கம்பெனி வேறு வழி பரிசீலித்துப் பதினைந்து நாளில் தெரிவிக்க வேண்டும் என்று பதிவு செய்தார்.

காரில் ஏறியதும் ரகு சார் கேட்டார். "நீ யார்கிட்ட சம்பளம் வாங்குற வித்யா?"

வீட்டுக் கடன், பையனின் பள்ளிக் கட்டணம் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. சேலம் ஸ்டேஷனில் இறங்கும்போது சொன்னார்: "பதினஞ்சு நாள் இருக்கு. வழியை அடைச்சது நீ. வேற வழியை நீயே கண்டுபிடி. இல்லைன்னா ராஜினாமா பண்ணிடு."

6. சாலை ஓரம்

மறுநாள் நானும் தங்கவேலும் அந்த ஒன்றரை கிலோமீட்டரை நடந்தோம். நான் அந்த வழியில் நடந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரை எனக்கு அது வரைபடத்தில் சிவப்புக் கோடு. நடக்கும்போது பார்த்தால், எட்டு நிலமும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருந்தன. சாலைக்கும் வேலிகளுக்கும் நடுவில் நல்ல அகலத்தில் அரசு புறம்போக்கு.

"இதுக்கு அடியில கேபிள் போட முடியாதா?" என்று கேட்டேன்.

"போடலாமுங்க மேடம். நெடுஞ்சாலைத் துறை பர்மிசன் வேணும். ஆனா மேல போற லைனைவிடப் பல மடங்கு ஆகும். அதனாலதான் யாரும் பேச்சே எடுக்கலீங்க."

பல மடங்குதான். அன்று மாலை கணக்கில் போட்டுப் பார்த்தேன். லாபம் வெகுவாக இறங்கியது. ஆனால் அப்போதுதான் என் பழைய கணக்கில் இருந்த ஓட்டை கண்ணில் பட்டது. டவர் போட்டால் எவ்வளவு செலவு என்று எழுதியிருந்தேன். டவர் போட முடியாமல் கோர்ட், தடையுத்தரவு, போராட்டம் என்று ஒரு வருடம் நின்றால் எவ்வளவு செலவு என்று எழுதவே இல்லை. தாமதத்தைச் சைபர் என்று வைத்திருந்தேன். அபராதம், வட்டி, சும்மா கிடக்கும் பேனல்கள் எல்லாவற்றையும் மாதம் மாதமாகச் சேர்த்தேன். ஏழாவது மாதத்திலேயே கேபிள் செலவை அது தாண்டிவிட்டது.

ரகு சாரிடம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொண்டுபோய் வைத்தேன். நியாயம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இரண்டு தடவை படித்தார். "இதை மொதல்லயே போட்டிருக்கலாமே" என்றார். கடன் கொடுத்த வங்கியும் ஒத்துக்கொண்டது. நெடுஞ்சாலைத் துறை அனுமதிக்கு நடையாய் நடந்தது தங்கவேல். நான்கு மாதத்தில் பள்ளம் வெட்டிக் கேபிள் இறங்கியது. அனுமதிக் கெடு ஒரு முறை நீட்டிக்கப்பட்டது. மில்களுக்குக் கொஞ்சம் அபராதம் கட்டினோம். பிளான்ட் ஓடத் தொடங்கியது.

திறப்பு விழா அன்று சப்ஸ்டேஷன் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ். 'விவசாயிகளின் நிலம் காத்து, மின் திட்டமும் தந்த செயல் வீரர்' என்று குமரேசன் கும்பிட்டபடி நின்றார். பொய் என்று சொல்ல முடியாது. கேபிளுக்குப் பள்ளம் வெட்டிய காண்ட்ராக்டும் அவர் மச்சானுக்குத்தான் போயிருந்தது.

நல்லம்மா மூன்றாவது செட்டைக் கட்டினார். என்னைக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

7. சின்னசாமி கேட்டது

இத்துடன் முடித்தால் எனக்கு நல்ல பெயர்தான். பல கூட்டங்களில் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பிளான்ட் ஓடத் தொடங்கி மூன்று மாதம் இருக்கும். சைட் ஆபீஸுக்குச் சின்னசாமி என்று ஒருவர் வந்தார். முதலில் சம்மதக் கடிதம் கொடுத்த பதினொரு பேரில் ஒருவர். இரண்டரை ஏக்கர் மரவள்ளிக் காடு, மீதி நேரத்தில் லாரி ஓட்டுவார். அவர் காட்டில் ஒரு டவர் நட்ட நடுவில் நிற்கிறது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏனுங்க மேடம், ஒரு சந்தேகமுங்க. மாட்டேன்னு சண்டை போட்டவிங்களுக்குக் கம்பி மண்ணுக்கடியில போவுது. நீங்க சொன்னீங்கன்னு மறுபேச்சு பேசாமக் கையெழுத்துப் போட்ட எங்களுக்குத் தலைக்கு மேல போவுது. இது எப்படிங்க?"

"அந்தப் பக்கம் பண்ணை, வீடு எல்லாம் இருந்ததுங்க" என்று ஏதோ சொன்னேன்.

"எங்களுக்கும் நாளைக்கு ஊடு கட்டோணும்னு இருக்குமில்லீங்க" என்றார். பிறகு, "பொண்ணுக்குக் காலேஜ் பீஸு கட்ட பேங்குக்குப் போனனுங்க. டவர் இருக்குதுன்னு சொல்லிப் பத்தரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வாரேனுங்க" என்று போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பதினொரு பேருக்கும் வருடா வருடம் ஒரு வாடகை தர வேண்டும் என்று குறிப்பு எழுதினேன். "ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு வித்யா" என்று ரகு சார் திருப்பினார். அடுத்த வருடம் மறுபடி எழுதினேன். போர்டு நிராகரித்தது. மூன்றாவது வருடம் பக்கத்தில் இரண்டாவது பிளான்ட் போட எங்களுக்கு ஊரின் ஒத்துழைப்பு தேவைப்பட்டது. அதைக் காரணமாகச் சொல்லி எழுதினேன். ஒத்துக்கொண்டார்கள்.

முதல் வருட வாடகைக்குப் பதினொரு காசோலைகளை நானே தயார் செய்தேன். பட்டா நகல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தங்கவேல் ஒன்றைத் தனியாக எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"மேடம், சின்னசாமி காட்டை வித்துட்டாருங்க. போன வருசமே. டவர் இருக்கற காடுன்னு வந்த வெலைக்குக் குடுத்துட்டாராம்."

"யார் வாங்கினது?"

"குமரேசன் மச்சானுங்க."

வாடகை நிலத்தோடு போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியது நான்தான். சட்டப்படி அதுதான் சரி. காசோலையில் பெயரை மாற்றிக் கையெழுத்துப் போட்டேன். குமரேசன் மச்சான் வந்து வாங்கிக்கொண்டு போனார். சின்னசாமி குடும்பத்தோடு சங்ககிரி பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெண் படிப்பை முடித்தாளா என்று விசாரித்தேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

8. ஒரு ஷரத்து

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு ஷரத்துதான். நான் பார்க்கும் ஒவ்வொரு பிளான்ட்டின் சம்மதக் கடிதத்திலும் இப்போது நாலாவது பத்தியாக அது இருக்கிறது: பாதையில் உள்ள எவருக்குப் பின்னால் எந்தக் கூடுதல் சலுகை கொடுத்தாலும், அது முன்பே கையெழுத்திட்டவருக்கும் அதே நாளில், கேட்காமலே, சேரும். சிலருக்கு டவருக்குப் பதில் கேபிள் என்றால், டவர் நிற்கும் நிலத்துக்காரருக்கு அந்தச் செலவுக்கு ஈடான தொகை.

வக்கீல்களுக்கு இது பிடிப்பதில்லை. செலவு கூடும் என்கிறார்கள். கூடத்தான் செய்கிறது. கூடும் அந்தச் செலவைக் கணக்கின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். அதையும் தாங்கும் பிளான்ட் என்றால் போடலாம். தாங்காது என்றால், அந்த லாபம் நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் தலையிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

உங்கள் மேஜைக்கு அந்தக் கடிதம் வரும். நாலாவது பத்தியை எடுத்துவிடச் சொல்லி யாராவது மெயில் அனுப்புவார்கள். பதில் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பாதையில் இதுவரை யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பெயர்களைக் கேட்டு வாங்கி ஒரு தடவை படியுங்கள்.